மூன்றாவது வயர்

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனை அனுப்பிவைத்த பிறகும் தேவசகாயம் கண் திறக்கவில்லை. அவருக்கு குளுக்கோஸ் ஏற்றிய ஸ்டாண்ட் இப்போது ஜன்னலுக்கு வெளியே, அவர் தன் கையாலேயே பழுது பார்த்துவந்த பழைய காரின் பக்கத்தில் நின்றது. அதில் தொங்கிய பாட்டிலிலிருந்து பெட்ரோல் குழாய் வழியே என்ஜினுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் ஓடும் சத்தம் கேட்டாலாவது எழுவார் என்று ரூபி நம்பினாள். அவருடைய தம்பி செல்வின் சாவியைத் திருப்பினான். என்ஜின் இருமிப் புகைந்து, கடைசியில் ஆறு சிலிண்டரும் சீராக ஓடத் தொடங்கின. ரூபி கட்டிலருகில் நின்று கணவனின் முகத்தையே பார்த்தாள். அதில் எதுவும் அசையவில்லை.

அதிர்வில் ஒரு ஸ்பார்க் பிளக் வயர் கழன்று விழுந்தது. என்ஜின் நொண்டியது. தேவசகாயத்தின் புருவம் சுருங்கியது.

வயரை மாட்டக் குனிந்தான் செல்வின்.

“தொடாதே!” ரூபி ஜன்னல் வழியே கத்தினாள். “அது அப்படியே கிடக்கட்டும். இன்னொண்ணையும் கழட்டு.”

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவன் அடுத்ததைப் பிடுங்கினான். கார் குலுங்கியது, பாட்டில் ஆடியது. கட்டிலில் உதடுகள் மெல்லப் பிரிந்தன, யாரையோ திட்டப்போகிறவரைப் போல.

“மதினி, பாட்டில்ல பெட்ரோல் அடியிலதான் கிடக்கு. மூணாவதையும் எடுத்தா வண்டி நின்னுரும். மறுபடி ஸ்டார்ட் ஆகுமான்னு சொல்ல முடியாது.”

ரூபி கணவனின் உதட்டருகே காதை வைத்தாள்.

“எடு,” என்றாள்.