முதல் சுடர்

‘மார்ச் 12: இன்று குழாயில் நம் கேஸை ஏற்றச் சொல்லி, குழாய் அதிகாரிக்கு நேற்றே அனுப்ப வேண்டிய பட்டியலை அனுப்ப மறந்துவிட்டேன்’ என்று டைரியில் எழுதிவிட்டு, கேஸ் கம்பெனி குமாஸ்தா, முதலாளி முதல் அடுப்பைப் பற்றவைக்கும் தொடக்க விழாவுக்குப் போனாள். அடுப்பு எரியாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

முதலாளி குமிழைத் திருகினார். குப்பென்று பற்றியது.

“பாத்தீங்களாய்யா, இதுதான் நம்ம கேஸ்! எதிர்க் கம்பெனிக்காரன் கேஸ் இப்படி நீலமா எரியுமா? அழுமூஞ்சியால்ல எரியும்!”

கூட்டம் கைதட்டியது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

“எப்படி சார் எரியுது?” என்று குழாய் அதிகாரியிடம் கிசுகிசுத்தாள்.

“குழாய் எல்லாருக்கும் பொதுதானேம்மா. எரியறது அந்த அழுமூஞ்சியோடது. உங்க பங்கு, முதலாளி விடற காத்து மட்டும்தான்.”

வீடு திரும்பியதும் எழுதினாள்: ‘நாளைய வேலை: இன்று எரித்ததற்கு ஈடாக, அதே அளவு நம் கேஸை எதிர்க் கம்பெனி பெயரில் குழாயில் ஏற்றச் சொல்வது.’