மகாராணியின் மாத்திரை

“இது என் மாத்திரை இல்ல.”

ஜன்னலோர நாற்காலியில் இருந்த அந்த அம்மா சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

நீட்டிய கிண்ணத்தோடு கண்டக்டரின் கை அந்தரத்தில் நின்றது.

ஆயுசில் பாதியை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே கழித்தவர் அவர். முதலாளி பஸ்களை விற்றுவிட, முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கும் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தார். வேலை மாறியும் பட்டப்பெயர் மாறவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

இன்று செய்முறைப் பரீட்சை. இரண்டாவது தடவை.

முதல் தடவை அவசரத்தில் கோட்டை விட்டார். முதியவரின் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்க்காமலே, ஒருவருக்கான மாத்திரையை இன்னொருவரிடம் நீட்டிவிட்டார். பயிற்சி கொடுக்கும் சிஸ்டர் பாய்ந்து வந்து பிடுங்கினார். மூன்றாவது வாய்ப்பு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை ஆரம்பமே தகராறு. “உங்க பேரு சொல்லுங்கம்மா” என்றதற்கு அந்த அம்மா அடுத்த அறைக்காரரின் பெயரைச் சொன்னார். பட்டையில் வேறு பெயர். மருந்துச் சீட்டில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். அதே வெள்ளைத் தலை, அதே கண்ணாடி.

“நீங்க சொன்ன பேரு பட்டையில இல்லையேம்மா?”

“அப்படியா? அப்ப பட்டையில இருக்கறதே என் பேரா இருந்துட்டுப் போகட்டும்.”

இல்லத்தில் எல்லோரும் இவரை மகாராணி என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

இப்போது மாத்திரை.

“நேத்து வரைக்கும் வெள்ளை. இது மஞ்சளா இருக்கு” என்றார் மகாராணி.

அட்டையில் மருந்தின் பெயர் சரி. அளவு சரி. நேரமும் சரி. வயசானவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, நைசாகப் பேசிப் போட்டுவிடு என்று மனசு அவசரப்படுத்தியது. கதவோரம் நின்ற சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கண்டக்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“சிஸ்டர், அம்மா நிறம் வேறங்கறாங்க. நீங்க பாத்துச் சொல்லாம நான் கொடுக்கமாட்டேன்.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இதுகூடத் தெரியாதா என்று ஃபெயில் போட்டுவிட்டால்?

சிஸ்டர் ஆற அமர வந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து அதேதான், கம்பெனி மாறியதால் நிறம் மாறியிருக்கிறது என்றார்.

போனால் போகிறது என்பது போல மகாராணி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கண்டக்டர் நகரவில்லை. நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அங்கே மஞ்சளாக ஒளிந்துகொண்டிருந்தது மாத்திரை. இன்னொரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, அது உள்ளே போனதைப் பார்த்த பிறகே சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

“சரி, வண்டியை எடுத்துக்கிட்டு வாங்க.” முகத்தில் எதையும் காட்டாமல் சிஸ்டர் வராண்டாவின் அந்தக் கோடிக்கு நடந்துவிட்டார்.

மருந்து வண்டியைத் தள்ளப் போனவரின் மணிக்கட்டை மகாராணி பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் உக்காருப்பா.”

சிஸ்டர் காத்திருப்பார். பாஸா ஃபெயிலா என்றும் தெரியவில்லை. இருந்தாலும் அந்தப் பிடியை உதற மனம் வரவில்லை. வண்டியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“முன்னாடி என்ன வேலை பாத்தே?”

“பஸ் கண்டக்டர்ம்மா.”

“எங்கே, ஸ்டாப்பெல்லாம் சொல்லு, கேப்போம்.”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெல்ல ஆரம்பித்தார். “மார்க்கெட்... தண்ணி டேங்க்... கோர்ட்டு வாசல்... உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு...” குரல் தன்னால் ஏறியது. மகாராணி கண்ணை மூடிக்கொண்டார். வளைவு வந்தது போல உடம்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது.

“ரயிலடி வந்தா சொல்லு. நான் எறங்கணும்.”

“ரயிலடி! ரயிலடி எறங்குங்க!”

மகாராணி கண்ணைத் திறந்தார். மடியில் கலைந்திருந்த சால்வையைச் சரிசெய்துகொண்டார். பிடித்த கையை விட்டார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, வராண்டாக் கோடியில் சிஸ்டர் சிரித்துக்கொண்டு நின்றார்.

“பாஸ், கண்டக்டரே.”

வண்டியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார் அவர். பிறகுதான் கேட்டார், “பாவம், அந்த அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியோ?”

“மறதியா? அவங்களா? உங்களுக்குப் பரீட்சை வச்சதே அவங்கதான்.”

பெயரை மாற்றிச் சொல்வது, நிறம் வேறு என்று அடம் பிடிப்பது, நாக்குக்கு அடியில் ஒளிப்பது எல்லாம் இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்வதாம். மாத்திரை வெறும் சர்க்கரை. கம்பெனி மாறிய கதையும் கட்டியதுதான். ஒவ்வொரு பயிற்சி வகுப்புக்கும் மகாராணியே ஆசைப்பட்டு வந்து நடித்துக் கொடுக்கிறாராம்.

“நீங்க என்னைக் கூப்பிட்டீங்களே, அப்பவே உங்க முதுகுக்குப் பின்னால கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டாங்க.”

கண்டக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சரியான ஆளுதான்! ரயிலடியில எறங்கணும்னாங்களே, அது வரைக்கும் நம்பிட்டேன் சிஸ்டர்.”

சிஸ்டரின் புருவம் சுருங்கியது.

“எந்த ரயிலடி? அப்படி எதுவும் நாங்க பேசி வைக்கலையே.”

கண்டக்டர் திரும்பி மகாராணியின் அறைக் கதவைப் பார்த்தார். சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

“ஒண்ணுமில்ல சிஸ்டர்... எனக்கு எந்தப் பக்கம் டூட்டி போடுவீங்க?”

“எந்தப் பக்கம் வேணும்?”

“இந்த வராண்டாவே போடுங்க” என்றார்.