நாலரை அடி

"என்ன சார், யானையா வரப்போகுது? நாலரை அடி வாசல் கேக்குறீங்களே!"

மேஸ்திரி சொன்னதும் சாரத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அளவு நாடாவைச் சுருட்டினான். மறுபடி நீட்டினான்.

"கட்டில் வரணும், மேஸ்திரி."

"கட்டிலுக்கு வாசல்ல என்ன வேலை? உள்ளேதானே கிடக்கும்?"

குணமாகாத நோயாளிகளைக் கடைசி நாள்வரை காசு வாங்காமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. ஆறே அறைகள். காத்திருப்போர் பட்டியலில் எப்போதும் நாற்பது பேருக்குக் குறையாது; பாதிப் பேர் முறை வருவதற்குள் போய்விடுவார்கள். அதனால்தான் பின்பக்கம் இன்னொரு ஆறு அறைகள் எழும்பிக்கொண்டிருந்தன. புதிதாக எதற்கு என்று, பழைய கட்டடத்தின் பிளானையே நகல் எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்திருந்தார்கள். சுவர் வாசல் உயரத்துக்கு வந்தாகிவிட்டது. நாளை வாசல்களுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் கான்கிரீட்.

அவனுக்கு அங்கே பெயர் 'நாலாம் ரூம் சார்'. மனைவி அந்த அறையில் பத்தொன்பது நாள் இருந்தாள். அவள் போய் ஐந்து மாதமாகியும் அவன் வருவதை நிறுத்தவில்லை. போர்வை மடிப்பான். தண்ணீர் பிடித்து வைப்பான். ஏன் வருகிறாய் என்று இல்லத்தை நடத்தும் பெரிய சிஸ்டர் ஒருநாளும் கேட்டதில்லை. வேலை நடக்கும் பின்பக்கம் மட்டும் அவன் எட்டிப் பார்த்ததில்லை. இன்று காலைதான் பார்த்தான். பார்த்தவன் அளவு நாடாவை இரவல் கேட்டான்.

"வாசல் மூணு அடி. நிலை போக ரெண்டே முக்கால்கூடத் தேறாது. கட்டில் மூணேகால்."

"அப்ப பழைய ரூம்ல கட்டிலெல்லாம் எப்படி உள்ளே போச்சாம்?"

"கழட்டி எடுத்துட்டுப் போய் உள்ளே வச்சுப் பூட்டினாங்க."

"ஆளுங்க?"

"ஸ்ட்ரெச்சர்ல வருவாங்க. ஸ்ட்ரெச்சர்லயே போவாங்க. நடுவுல வெளியே வர வழியில்ல."

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். குரல் இறங்கியது. "வீட்டம்மா கேட்டாங்களா சார்?"

கேட்டாள். ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. கட்டிலோடு தாழ்வாரம்வரை தள்ளுங்களேன், சாரல்ல கொஞ்சம் கிடக்கிறேன் என்றாள். நோய் முதுகெலும்பை அரித்திருந்தது. தூக்கி நாற்காலியிலோ ஸ்ட்ரெச்சரிலோ வைக்க முடியாது. தள்ளினான். கட்டில் நிலையில் முட்டி நின்றது. கோணலாக்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு, "விடுங்க. நல்ல கெட்டியான வாசல். நூறு வருஷம் நிக்கும்" என்று சிரித்தாள். நான்காம் நாள் போய்விட்டாள். நிலையில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் அவன் சொல்லவில்லை.

"கேட்டா" என்றான்.

மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்தப் புண்ணியவான் போட்ட பிளான் சார் இது? சாகக் கிடக்கிறவங்க எழுந்து நடந்து வருவாங்கன்னு நினைச்சானா? எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க! ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து கோடு இழுக்கிறவனுக்குக் கட்டில் எங்கே தெரியும்? என் கையில மட்டும் கிடைச்சான்னா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்."

"இடிச்சுடுங்க மேஸ்திரி. ஆறு வாசலையும்."

"மனசு இருக்கு சார். நாளைக்கு மேலே விரிசல் விட்டா என் தலையிலதானே விடியும்?"

"அகலத்துக்குத் தகுந்த மாதிரி கம்பியைக் கூட்டிப் போடுங்க. லிண்டல் ரெண்டு பக்கமும் எட்டு இன்ச் சுவர்மேல உட்காரட்டும். விடாது."

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"விவரமாத்தான் பேசுறீங்க. ஆனா வாய்ப்பேச்சை நம்பிச் சுவரை இடிக்க முடியாது. தப்பா நினைக்காதீங்க சார், நீங்க இங்க யாரு? வந்து போறவர். பிளான் போட்ட இன்ஜினியர் திருத்திக் கையெழுத்துப் போடட்டும், அடுத்த நிமிஷம் கடப்பாரையைத் தூக்குறேன். அந்த மகராசனை எங்கே போய்த் தேடுவீங்க?"

அவன் கையை நீட்டினான். மேஸ்திரி சிமெண்ட் கறை படிந்த நகலைக் கொடுத்தார்.

செங்கல் அடுக்கின்மேல் விரித்தான். மேஸ்திரியின் காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கினான். ஆறு இடத்தில் மூன்றை அடித்தான். ஆறு இடத்தில் நாலரை என்று எழுதினான். ஓரத்தில் கையெழுத்துப் போட்டான்.

மேஸ்திரி அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிளானின் மூலையில், ஆறு வருடத்துக்கு முந்தைய தேதிக்கு மேலே இருந்த கையெழுத்தையும் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

"அன்னைக்குப் பெரிய சிஸ்டர் இதே நாலரை அடிதான் கேட்டாங்க, மேஸ்திரி" என்றான் அவன். "யானையா வரப்போகுதுன்னு நான்தான் சிரிச்சேன்."