நீலப்புயலின் இடது முட்டி

திரையில் நீலப்புயல் இருபதாவது மாடியிலிருந்து குதித்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

பின்வரிசை ரசிகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இந்தக் கண்றாவிக்குக் கண்ணீர் வேறயா!” என்று பக்கத்திலிருந்த நண்பனை இடித்தான்.

ரசிகன் என்றால் சாதாரண ரசிகன் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். முதல் பாகத்தைப் பதினேழு தடவை பார்த்து, முதுகில் புயல் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்டவன். நான்கு வருஷம் தவம் கிடந்ததற்கு, இரண்டாம் பாகம் இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்திருந்தது.

முதல் நாள் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனான். இரண்டாம் நாள் கொதித்தான். மூன்றாம் நாளான இன்று, தன் யூடியூப் சேனலில் படத்தை நார் நாராகக் கிழிப்பதற்காகவே வந்திருந்தான்.

மூன்று நாளும் அதே மதியக் காட்சிக்கு, அதே இருக்கைக்கு அந்த அம்மாளும் வந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவின் சாம்பல் நிறச் சீருடை. கதாநாயகன் முகமூடியைக் கழற்றிவிட்டுக் காதல் வசனம் பேசினால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். முகமூடி போட்டுக்கொண்டு பறந்தால் இருக்கை நுனிக்கு வந்துவிடுவாள். இடைவேளை விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், திரும்பி வருவதில்லை.

“வேலைக்கு மட்டம் போட்டுட்டுத் தூங்க வர்ற கேஸா இருக்கும்” என்றான் நண்பன்.

“தூங்கினாலாவது மரியாதை. அழுவுதுடா!”

இடைவேளை விளக்கு எரிந்தது. இருவரும் முகப்புக்கூடத்துக்கு ஓடினார்கள். நண்பன் போனைத் தூக்கிப் பிடிக்க, ரசிகன் நேரலையில் விளாச ஆரம்பித்தான்.

“மக்களே, இது படமில்ல, பாவம்! நடுவுல மூணு மாசம் படப்பிடிப்பையே நிறுத்தி வச்சாங்களாம். எதுக்கு? கதை தீர்ந்துபோச்சு போல! வில்லன் பாட்டரி வாங்க வந்தவன் மாதிரி நிக்கிறான். கதாநாயகி ஊர் அழியும்போதும் தலைமுடியைக் கோதிக்கிட்டே இருக்கா.”

பார்ப்பவர்களின் எண்ணிக்கை எகிறியது. அவனுக்கும் குரல் ஏறியது.

“இன்னொரு கூத்து சொல்றேன். குதிச்சுத் தரையில இறங்கும்போது, இதுவரைக்கும் நீலப்புயலுக்கு இடது முட்டி மடங்கும். சிறுத்தை மாதிரி இருக்கும். இனி வரப்போற பாதியில பாருங்க, வலது முட்டி! மூட்டை விழுந்த மாதிரி தொப்புன்னு விழறான். கோடி கோடியா வாங்குறியே, உனக்கு உன் கால் எதுன்னு தெரியாதா?”

அப்போதுதான் அந்த அம்மாள் வாசல் கதவை நோக்கி நடப்பதைப் பார்த்தான். கண்கள் பளிச்சிட்டன. “வாடா, இன்னிக்கு நமக்கு நல்ல தீனி!”

இரண்டே எட்டில் குறுக்கே போய் நின்றான். “ஏம்மா, ஒரு நிமிஷம். தினமும் பாதியிலயே ஓடிடுறீங்களே, படம் அவ்வளவு மட்டமா? சும்மா சொல்லுங்க, நாற்பதாயிரம் பேரு பார்க்கிறாங்க.”

அம்மாள் போனைப் பார்த்து மிரண்டாள். சீருடைக் காலரைச் சரிசெய்துகொண்டாள். “அப்படியெல்லாம் இல்ல தம்பி. நான் கதையைக் கவனிக்கிறதே இல்ல.”

“கேட்டுக்குங்க மக்களே! கதையைக் கவனிக்கிறதில்லையாம். ஆனா தினமும் அழுவாங்களாம்! அப்புறம் எதுக்கும்மா வர்றீங்க?”

“என் மகனைப் பார்க்க.”

“மகனா? தியேட்டர்ல வேலை பார்க்கிறாரா?”

“இல்ல தம்பி. முகமூடி போட்டுக்கிட்டுக் குதிக்கிறது அந்த நடிகர் இல்ல. ஸ்டண்ட் ஆளு. என் மகன். முதல் பாகத்துலயும் அவன்தான்.”

ரசிகன் ஓர் எட்டு பின்வாங்கி வழிவிட்டான். பதினேழு தடவையும் அவன் விசிலடித்தது அந்தக் குதிப்புக்குத்தான். இத்தனை வருஷம் யாருடைய ரசிகனாக இருந்தோம் என்பதே இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

“அம்மா! அது உங்க மகனா? அந்த ஒரு ஆளுக்காகத்தான் நான் முதுகுல பச்சையே குத்தியிருக்கேன்!” நக்கல் எல்லாம் போய், குரல் குழைந்தது.

அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தாள். “சந்தோஷம் தம்பி. நான் வர்றேன், அடுத்த ஷிஃப்டுக்கு நேரமாச்சு.”

அவனுக்கு விட மனசில்லை. “பெத்த தாயே பாதியில எழுந்து போனா எப்படிம்மா? இனிமேதான் பெரிய குதிப்பு எல்லாமே இருக்கு. ஷிஃப்டு கிடக்கட்டும், வாங்க, இன்னிக்கு என்கூட உக்காந்து முழுசாப் பார்த்துட்டுப் போங்க.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“பாதிப் படம் வரைக்கும்தான் தம்பி, அவன் உயிரோட இருந்தான்.”