கச்சேரி முற்றத்தில் பாய்கள்

பாயைச் சுருட்டினாள். தலையில் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.

தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆண்கள்தான் இல்லை.

எதிர்வீட்டு மதினி மொக்கத்தாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பொழுது சாயுற நேரத்துல பாயோட எங்கடி கெளம்பிட்ட?"

"படுக்கத்தான் மதினி."

"எங்க?"

"எம் புருசன் படுக்குற எடத்துல."

மொக்கத்தாயின் கையிலிருந்த வாளி அப்படியே நின்றது.

இருட்டினால் அந்த ஊர் ஆண்கள் போலீஸ் கச்சேரி முற்றத்தில்தான் படுக்க வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். பத்து விரலையும் மையில் தோய்த்து ரேகை எடுத்திருந்தார்கள். யாரும் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ, அந்தச் சாதியில் ஆணாகப் பிறந்திருந்தால் போதும்.

மாசியில் அவன் அவளுக்குத் தாலி கட்டினான். பகலெல்லாம் அவளுடைய கணவன். உழுவான், பாடுவான், அவள் வைத்த குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்பான். வெயில் இறங்கினால் முகம் செத்துவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் படி இறங்குவான்.

ஒரு ராத்திரிகூட அவன் அவள் பக்கத்தில் படுத்ததில்லை.

இன்றைக்கும் அந்த முதுகு தெருமுனையில் திரும்பி மறைவதைப் பார்த்தாள். இனி ஒரு நாளும் அதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று பட்டது.

"இருடி" என்றாள் மொக்கத்தாய்.

உள்ளே போனாள். வரும்போது இடுப்பில் பிள்ளை, தலையில் பாய்.

ஊர்க்கிணற்றைத் தாண்டும்போது ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். புளியமரத்தடியில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

தெரு முழுக்கப் பாயாக வந்துகொண்டிருந்தது.

கச்சேரி முற்றத்தில் ஆண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஏட்டு அரிக்கேன் வெளிச்சத்தில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். அவரவர் புருஷன் பக்கத்தில் அவரவர் பாயை விரித்தார்கள்.

அவள் புருஷன் பதறினான். "கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? அடிப்பாய்ங்க."

அவள் பாயின் மடங்கிய முனையை நீவி விட்டாள்.

"அடிக்கட்டும் மச்சான். கொஞ்சம் நகந்து உக்காருங்க."

ஏட்டு ஓடி வந்தார். "பொம்பளைகளுக்கு இங்க என்ன சோலி? எந்திரிங்க! எந்திரிங்கறேன்ல!"

மொக்கத்தாய் பிள்ளையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "ஆடி ஒரு மாசந்தேன் ஏட்டையா புதுப்பொண்ணு மாப்பிள்ளையப் பிரிச்சு வைப்பாக. ஒங்க கவுருமெண்டுக்கு மட்டும் வருசம் பூராவும் ஆடியா?"

எங்கோ ஓர் ஆண் சிரித்தான். உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்த முற்றத்தில் யாரும் சிரித்ததே இல்லை.

ஏட்டு பேனாவைத் திறந்தார். "எவ எவன் பொண்டாட்டின்னு எழுதி மேலிடத்துக்கு அனுப்புறேன். அப்புறம் தெரியும். சொல்லு, உம் புருசன் பேரு என்ன?"

மொக்கத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்ய! கட்டுன புருசன் பேர வாயால சொல்லுவாகளா ஏட்டையா? ஒங்க வீட்டம்மா சொல்லுமா?"

"நீ சொல்லு!" அடுத்தவளிடம் திரும்பினார்.

"முன்னால சுண்ணாம்பு நெறம், பின்னால சாமி. நீங்க படிச்சவுக, கண்டுபிடிங்க."

பின்வரிசையில் வெள்ளைச்சாமிக்குச் சிரித்துப் புரையேறியது.

"நீ?"

"இந்தா, இந்தப் பிள்ளையோட அப்பன்." இன்னொருத்தி தன் மடியிலிருந்த பிள்ளையைக் காட்டினாள்.

"யாரு?"

"பிள்ளையக் கேளுங்க."

பிள்ளை ஏட்டைப் பார்த்து வீறிட்டு அழுதது. அவ்வளவுதான். முற்றம் வெடித்துச் சிரித்தது. துண்டால் வாயைப் பொத்தியிருந்தவர்களெல்லாம் துண்டை எடுத்துவிட்டார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

இருட்டிய பிறகு அவன் முகம் இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"எந்திரிங்க மச்சான். நம்ம வீட்டுக்குப் போவோம்."

சிரிப்பு நின்றது. அவனுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்.

அவன் வாசலைப் பார்த்தான். வாசலில் நின்ற போலீஸ்காரனின் தடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

எழுந்தான். பாயை அவனே சுருட்டினான்.

தடி உயர்ந்தது.

அவனுக்குப் பின்னால் முற்றமே எழுந்து நின்றது.

உயர்ந்த தடி கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்தது. பிறகு மெல்லக் கீழே வந்தது.

ஏட்டு கத்தினார். "நாளைக்கு மதுரையில இருந்து ரிசர்வ் போலீசு வரும்! துப்பாக்கியோட வரும்!"

"வரட்டும் ஏட்டையா" என்றாள் மொக்கத்தாய், நடந்துகொண்டே. "அவுகளுக்கும் ஆளுக்கொரு பாய் போடுவோம்."

வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. அவள் தீப்பெட்டியைத் தேடுவதற்குள் அவன் நிலைப்படியில் மடேரென்று இடித்துக்கொண்டான். இரண்டடி வைத்தான். தண்ணீர்ப் பானையில் இடறினான்.

"ஏய், பான எப்ப இங்க வந்துச்சு?"

"அது என்னைக்கும் அங்கதேன் இருக்கு."

பகலில் அவன் கண்ணை மூடிக்கொண்டு நடமாடும் வீடுதான். ராத்திரியில் விருந்தாளியாக நின்றான். விளக்கை ஏற்றியதும், நெற்றியைத் தேய்த்தபடி அவன் நின்ற நிலை தெரிந்து, அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

எதிர்வீட்டில் ஏதோ உருண்டது. மொக்கத்தாய் சிரித்தாள்.

அதற்கடுத்த வீட்டில் ஒரு சட்டி உடைந்தது. அங்கேயும் சிரிப்பு.

தெரு நெடுக ஆண்கள் இடித்துக்கொண்டும் பெண்கள் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

அவள் பாயை விரித்தாள். முழுசாக விரித்தாள். உட்காரப் போன அவன், கையைக் காட்டி அவள் சிரிப்பை நிறுத்தினான்.

"கேளு."

கண்மாய்க்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊரில் நாய்கள் குரைத்தன. ஒன்றிரண்டல்ல, ஊர் நாய்கள் மொத்தமும். ஒரே பக்கமாக நிறையப் பேர் நடந்து போனால்தான் அப்படிக் குரைக்கும்.

"அங்கயும் பாயத் தூக்கிட்டாக போல" என்றாள் அவள்.