அட்டைப்படத்தில் அண்ணன்

அரசு மானியம் கிடைத்துவிட்டது. எங்கள் சமூகக்கூடத்துக்குச் சூரிய மின்தகடு, மழைநீர்த் தொட்டி இரண்டுக்கும் ஒப்புதல்.

"விண்ணப்பத்தோட அட்டைப்படம் பிரமாதம்ங்க," என்றார் அதிகாரி. "கூடத்துக்குள்ள சக்கர நாற்காலியில சிரிச்சுக்கிட்டு இருக்காரே, யாரு?"

"எங்க அண்ணன் சார்." பெருமை தாங்கவில்லை எனக்கு.

"அந்தப் படத்தைப் பாத்துதான் ஒண்ணே ஒண்ணை மட்டும் அடிச்சுட்டோம். வாசல் படிக்குப் பக்கத்துல கேட்டிருந்தீங்களே, சாய்தளம்."

"சார்...?"

"நாற்காலியோட அவரு உள்ள வந்துட்டாரே! அப்போ ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல? ரெண்டாவது எதுக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் சங்கத் தலைவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். உண்மையைச் சொன்னால் படம் பொய்யென்று மொத்தமும் போய்விடும். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டு வாசலிலேயே அண்ணன் காத்திருந்தார்.

"சாய்தளம் கிடைச்சுதாடா?"

செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

படம் எடுத்த அன்று, நாலு பேர் அவரை நாற்காலியோடு ஆறு படி தூக்கினோம். பாதியில் நாற்காலி சரிந்தது. என் சட்டையை இறுக்கிப் பிடித்தபடி அண்ணன் சொன்னார்:

"பரவால்லடா, தூக்கு. இனிமே என்னை யாரும் தூக்க வேண்டியிருக்காதுல்ல?"