இடது கால்

சீட்டுகள் போட்ட தகர டப்பாவைக் குலுக்கினார்கள்.

அவர் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றார். மூன்று மாதம் முன்புவரை அது அவருடைய கவுண்டர். இப்போது வாசலில் அவர் பெயர் இல்லை. 'மக்கள் கடை', கீழே ஓர் எண்.

ரங்கூன் முழுக்க அப்படித்தான். புரட்சி அரசு ஒரே காலையில் எல்லாக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. எது எங்கே இருக்கிறது என்று காட்ட ஆள் வேண்டும் என்பதால் அவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இன்றோடு அதுவும் முடிகிறது.

நாட்டைவிட்டுப் போகும் அனுமதிச் சீட்டு சார்ஜென்ட் தின் ஆங்கின் சட்டைப்பையில் இருந்தது. சரக்கில் குறை இல்லை என்று அவன் கையெழுத்துப் போட வேண்டும். கப்பல் வெள்ளிக்கிழமை. மனைவி ஜைத்தூனும் பிள்ளைகளும் முந்தின கப்பலிலேயே மதராஸ் போய்விட்டார்கள்.

குலுக்கலில் எந்தப் பொருள் விழுகிறதோ அதுதான் கிடைக்கும். கிழவர் ஒருவருக்குக் குழந்தைத் தொப்பி விழுந்தது. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டு போனார்.

அடுத்தது இருளாயி. துறைமுகத்தில் அரிசிக் கோணி தைப்பவள்.

பூட்ஸ்.

சார்ஜென்ட் கண்ணாடி அலமாரியைத் திறந்தான். பழுப்பு நிறம், மஞ்சள் தையல். ஒன்றை எடுத்தான். ஜோடியைத் தேடினான். மேல்தட்டில் தேடினான், கீழ்தட்டில் தேடினான்.

அலமாரி முழுக்க இடது கால்.

அவருக்குத் தெரியும். பூட்ஸ் கடையில் ஒரு காலைத்தான் பார்வைக்கு வைப்பார்கள். மற்றது கிடங்கில். ஒற்றைக் காலை எவனும் திருட மாட்டான்.

கடையை எடுத்த அன்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார்கள். அலமாரியில் எத்தனை என்று கேட்டார்கள். சொன்னார். கால்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடை ஓர் இலாகாவுக்கு, கிடங்கு வேறோர் இலாகாவுக்கு. மாலையே லாரி வந்தது. வலது கால்கள் ஊரின் மறுகோடிக்கு, கெமண்டைன் பக்கம் போயின.

மறுநாள் சொல்லியிருக்கலாம். அதற்குள் அடுத்த தெருக் கடைக்காரர் ஒருவரைப் பதுக்கல் என்று பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

இருளாயி பூட்ஸைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன பாய், ஒத்தக் காலுதான் வந்துருக்கு? மத்தது நடந்து வருதாக்கும்?"

"ஒம் புருசனுக்கு ஒண்ணு போதும்னு சர்க்காரு நெனச்சிருக்கும்க்கா," என்றது வரிசையில் ஒரு குரல்.

"நெனைக்கும் நெனைக்கும். நொண்டியடிச்சுக்கிட்டு மூட்டை தூக்க சர்க்காரு வருமா?"

தமிழர்கள் சிரித்தார்கள். புரியாத பர்மியர்களும் சிரித்தார்கள்.

சார்ஜென்ட் சிரிக்கவில்லை. அவர் பக்கம் குனிந்து பர்மிய மொழியில் கேட்டான்.

"இன்னொன்று எங்கே?"

அவனுடைய காது சிவந்திருந்தது. சரக்கை எண்ணியவன் அவன்தான். வயல்காட்டிலிருந்து பட்டாளத்துக்கு வந்தவன். பட்டாளம் கொடுத்த பூட்ஸ்தான் அவன் முதலில் போட்டது. பூட்ஸ் கடைக்குள் அதற்குமுன் அவன் நுழைந்திருக்க வழியில்லை.

"ஒரு கால் முன்னால் இருக்கும், சயா. ஒரு கால் பின்னால்."

சார்ஜென்ட் பின்கதவைப் பார்த்தான். திறந்து கிடந்த கிடங்கில் ஒன்றுமில்லை. 

பிறகு நிமிர்ந்து, வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னான்.

"இந்த மாதம் இடது கால். வலது கால் அடுத்த குலுக்கலில்."

அவர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பு வரும் என்று காத்திருந்தார்.

யாருக்கும் ஆச்சரியமாக இல்லை.

இதே அளவில் வருமா என்று ஒருவன் கேட்டான். வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

இருளாயி பூட்ஸை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பத்திரமா வச்சிருக்கேன் பாய். அடுத்த மாசம் நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க."

அவர் தலையை ஆட்டினார்.

சார்ஜென்ட் கையெழுத்துப் போட்டான். குறை இல்லை.

வெள்ளிக்கிழமை, துறைமுகம்.

சுங்க அதிகாரி பெட்டியைக் கவிழ்த்தார். கைலிகளை உதறினார், சட்டை மடிப்புகளைத் தடவினார். கடை வைத்திருந்தவர்களைத் தனியே நிறுத்தி இன்னொரு முறை சோதிக்கிறார்கள், அதில் கப்பலையே விட்டவர்கள் உண்டு என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். தொழிலைக் கேட்டால் சொல்ல அவர் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். கணக்குப்பிள்ளை.

பெட்டியை மூடக் குனிந்தபோது மேசைக்கு அடியில் கண் போனது.

செய்தித்தாள் சுற்றிய பொட்டலம், அதில் செருகிய ஒரு குலுக்கல் சீட்டு. ஒரு முனை பிரிந்திருந்தது. பழுப்பு நிறம், மஞ்சள் தையல்.

வலது கால்.

பக்கத்தில் அதிகாரியின் கால்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு. எட்டாம் நம்பர் என்று கண் தானாகவே அளந்தது. இருளாயி கொண்டுபோனதும் எட்டுதான்.

ஜன்னலுக்கு வெளியே கொட்டகையில் பெண்கள் கோணி தைத்துக்கொண்டிருந்தார்கள். இருளாயியின் குரல் கேட்டது. யாரையோ வைதுகொண்டிருந்தாள்.

அதிகாரி முத்திரையை மையில் ஒற்றி உயர்த்தினார்.

"இங்கே என்ன தொழில்?"

கப்பல் ஊதியது.

அவர் மேசைக்கு அடியில் மறுபடி பார்த்தார்.

"பூட்ஸ் கடை, சயா," என்றார். "அந்தப் பூட்ஸின் இடது கால் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்."

முத்திரை காகிதத்துக்கு மேலே நின்றது.

அதிகாரி வாசலைப் பார்த்தார். காவலாளி அந்தப் பக்கம் திரும்பியிருந்தான்.

மேசைக்கு அடியில், மெல்ல, செருப்பைக் கழற்றிவிட்டு, கடையில் அளவு கொடுப்பதுபோல் இடது காலை அவர் பக்கம் நீட்டினார்.